மடவரும் மடையரும்: ஒரு சொற்குடும்பத்தின் பொருள் வரலாறு

1. தோற்றுவாய்

அறிவு மந்தமானவரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பல. பேதை, மூடன், மட்டி, மடையன், முட்டாள், அறிவிலி, மந்தன் ஆகியன எழுத்து வழக்கில் பயில்வன. மக்கு, மண்டு, தத்தி, அசடு ஆகியன பேச்சு வழக்கில் பயில்வன. அகராதிகள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்து அமைகின்றன. மூடன் என்பதற்குப் பேதை என்றும், பேதை என்பதற்கு மடையன் என்றும், மடையன் என்பதற்கு மூடன் என்றும் பொருள் காணும் ஒருவர், தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிறார். இவையனைத்தும் ஒருபொருட் பன்மொழிகள், எதை எங்கு இட்டாலும் தீங்கில்லை என்னும் எண்ணம் இதனால் உருவாகிறது.

இவ்வெண்ணம் மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் இடர்ப்படுத்துவது. சொற்கள் தோன்றிய அடி, அவை ஏற்கும் இலக்கண வடிவம், அவை வழங்கிய சூழல், அவற்றைக் கூறுவோர்க்கும் கூறப்படுவோர்க்கும் இடையிலுள்ள உறவு ஆகிய நான்கும் சொல்லுக்குச் சொல் வேறுபடுகின்றன. இக்கட்டுரை 'மட' என்னும் அடியிலிருந்து பிறந்த சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சங்க இலக்கியத்தின் 'மடவர்' இன்றைய 'மடைய'னாக வந்து சேர்ந்த வழியை ஆராய்கிறது. இவ்வழியில் சொல் இழந்தது எது என்பதே இங்கு எழுப்பப்படும் முதன்மையான வினா.

2. ஒலி ஒப்புமையும் சொல் வேறுபாடும்

ஆய்வுக்கு முன்னர், ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்களைப் பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். துறவியர் உறைவிடத்தைக் குறிக்கும் மடம் வடமொழியிலிருந்து வந்தது. அறியாமையைக் குறிக்கும் மடம் தமிழ்ச் சொல். நீர் பாயும் வாயிலைக் குறிக்கும் மடை ஒன்று. சோற்றையும் தெய்வத்திற்குப் படைக்கும் உணவையும் குறிக்கும் மடை மற்றொன்று. கோயில்களில் இன்றும் வழங்கும் மடைப்பள்ளி என்னும் சொல் பின்னதன் வழிப்பட்டது. இதன் அடிப்படையில் சமையல் தொழிலுடையவனுக்கும் மடையன் என்னும் பெயர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி அப்பொருளையும் பதிவு செய்துள்ளது. பழந்தமிழ் நூலொன்றில் மடையர் என்னும் சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர், அங்குப் பேசப்படுவது அடுக்களையா அறியாமையா என்பதை இடம் நோக்கித் தெளிதல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் பரவலாகக் கூறப்படும் பிறிதொரு விளக்கமும் ஈண்டுக் கருதத்தக்கது. ஏரி நிறைந்து கரை உடையும் நிலையில், நீருக்குள் மூழ்கி மடையைத் திறந்தவரே மடையர் எனப்பட்டனர். உயிர் போகும் என்று அறிந்தும் மூழ்கிய அவர்களைப் பிறர் அறிவற்றவர் என்று எள்ளினர். அதுவே வசைச்சொல்லாயிற்று என்பது அவ்விளக்கம். நீர்ப்பாசனத் தொழிலாளரின் உழைப்புக்கும் துணிவுக்கும் மதிப்பளிக்கும் நோக்கம் இதில் உண்டு. அந்நோக்கம் போற்றத்தக்கதே. எனினும் ஒரு விளக்கத்தின் நல்லெண்ணம் சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

இவ்விளக்கத்தை ஏற்பதற்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, அறியாமைப் பொருளில் மட, மடன், மடவர், மடமை ஆகிய வடிவங்கள் சங்க நூல்களிலும் திருக்குறளிலும் நிலைபெற்றுள்ளன. அவை வரும் இடங்களில் ஏரிக்கோ மடைக்கோ தொடர்பில்லை. இரண்டாவது, மலையாளத்தில் மடயன் என்னும் சொல் இதே பொருளில் வழங்குகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் டகரம் இரட்டித்த இன வடிவங்கள் மந்த அறிவைக் குறிக்கின்றன. ஆகவே இச்சொல்லை ஒரு வட்டாரத்தின் ஏரித் தொழிலோடு மட்டும் பிணைத்தல் இயலாது. மூன்றாவது, தமிழிலேயே மட்டி என்னும் உறவுச்சொல் உண்டு. மடை என்னும் நீர்வாயிலால் அதனை விளக்க முடியாது. நீர்ப்பங்கீட்டுப் பணியாளர்க்குத் தமிழகத்தில் நீர்க்கட்டி, மடைக்குடும்பன் முதலிய பெயர்கள் வழங்கியுள்ளன. அவர்தம் வரலாறு தனியே எழுதப்பட வேண்டிய பெருமையுடையது. அதற்கு ஒரு வசைச்சொல்லின் துணை வேண்டுவதில்லை.

3. சங்கச் செய்யுளில் மட

சங்க நூல்களில் இவ்வடி மூவகையாகப் பயில்கிறது. ஒன்று, பெயருக்கு முன் அடையாக வருவது: மடமான், மடப்பிடி, மடநோக்கு, மடநடை. இரண்டு, பண்புப்பெயராக வருவது: மடம், மடன். மூன்று, குறிப்பு முற்றாகவும் அதன்வழிப் பெயராகவும் வருவது: மடவ, மடவள், மடவர். மடையன் என்பதைப்போல ஒருவரை நிலையாகப் பெயரிட்டு அழைக்கும் வடிவத்தைக் காட்டிலும், ஒரு நேரத்துச் செயலையோ இயல்பையோ சுட்டும் வடிவங்களே இங்கு ஆட்சி பெற்றுள்ளன.

குறுந்தொகையின் 66-ஆம் பாடலில் மடமையுடையனவாகக் கூறப்படுவன கொன்றை மரங்கள். கார்காலத்தில் திரும்புவதாகக் கூறிச் சென்ற தலைவன் வரவில்லை. மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது. தலைவி வருந்தும்போது தோழி, இது கார்மழை அன்று, காலமல்லாக் காலத்து மழை. அதைக் கார் என்று மயங்கிப் பூத்த இம்மரங்கள் மடமையுடையன என்கிறாள். மரத்தின்மீது ஏற்றப்பட்ட இம்மடமை யாரையும் இழிப்பதற்காகக் கூறப்பட்டதன்று. ஒருத்தியின் துயரை ஆற்றுவதற்காகக் கூறப்பட்டது. பொருளளவில் இங்கு மட என்பது ஏமாறுந் தன்மையை, கண்டதை அப்படியே நம்பிவிடும் இயல்பைக் குறிக்கிறது.

ஐங்குறுநூற்றின் 67-ஆம் பாடலில் ஒரு பெண் மற்றொரு பெண்ணை மடவள் என்கிறாள். தன்னோடு ஒப்பில்லாதவள் தன்னை ஒப்பாகக் கருதிக்கொண்டாள் என்பது காரணம். இங்குச் சொல்லில் சினமும் எள்ளலும் உண்டு. எனினும் குறிக்கப்படுவது அளவறியாமையே. பிறவியிலமைந்த அறிவுக்குறை அன்று.

புறநானூற்றின் 142-ஆம் பாடலில் பரணர் பேகனைப் பாடும்போது இவ்வடி இரு தொகைச்சொற்களில் எதிரெதிராக நிற்கிறது. மழை வற்றிய குளத்திலும் வயலிலும் பெய்வதுபோலவே களர் நிலத்திலும் பெய்கிறது. அதுபோல, கொள்வார் தகுதியை ஆராயாமல் கொடுப்பது கொடைமடம். பேகனிடம் அது உண்டு. தாக்கத் தகாதார்மேல் படைக்கலம் செலுத்துவது படைமடம். அது அவனிடம் இல்லை. ஒரே சொல் கொடையோடு சேரும்போது புகழாகவும், படையோடு சேரும்போது பழியாகவும் ஆகிறது. எனவே மடம் என்பதற்கு இக்காலத்தில் தனித்த மதிப்பீடு இல்லை. ஆராயாமை என்னும் பொதுப்பொருளே உண்டு. ஆராயாமை எதைப் பற்றியது என்பதே நன்றும் தீதும் ஆக்குகிறது. கொடைமடம் என்னும் சொல்லை அறிவின்மை எனப் பொருள்படும் பிறமொழிச் சொல்லால் பெயர்த்தால் பாட்டின் புகழ்ச்சி கெடும். தாராளம் எனப் பொருள்படும் சொல்லால் பெயர்த்தால் படைமடத்தோடு உள்ள எதிர்நிலை கெடும். இரண்டையும் காக்க வேண்டுமெனில், எண்ணிப் பாராமை என்னும் நடுநிலைப் பொருளையே அடிப்படையாகக் கொள்ளுதல் வேண்டும்.

4. மடவர்க்குரிய கடமை

மடவர் என்னும் பெயர் புறநானூற்றின் 106-ஆம் பாடலில் வரும் இடம் இவ்வாய்வுக்கு மிக இன்றியமையாதது. கபிலர் பாரியின் கொடையைக் கூறுகிறார். நல்ல மலர் என்றும் தீய மலர் என்றும் எண்ணப்படாத எருக்கம்பூவாயினும், அன்போடு படைத்தால் கடவுள் வேண்டாவென்று ஒதுக்குவதில்லை. அதுபோல, மடவரும் மெல்லியரும் சென்றாலும் கொடுப்பதைத் தன் கடமையாகக் கொண்டவன் பாரி என்பது பாட்டின் கருத்து.

இங்கு மடவர் என்போர் அறிவு குறைந்தவர், பேசத் தெரியாதவர், அவையில் தம் திறத்தைக் காட்டமாட்டாதவர் என்ற பொருளில் நிற்கின்றனர். இது இன்றைய வழக்கில் 'மந்தமானவர்' என்று கூறுவதற்கு மிக அணுக்கமானது. ஆனால் பாட்டில் அளக்கப்படுவது மடவருடைய குறை அன்று. அவரை ஏற்பவனுடைய நிறை. சொல்லைத் தொடர்ந்து வருவது இகழ்ச்சி அன்று, கடமை.

இவ்வமைப்பைத் திருக்குறளிலும் காணலாம். 153-ஆம் குறள் மடவாரைப் பொறுத்தலை வலிமையுள் வலிமை என்கிறது. அதே குறளில் விருந்தினரை ஏற்காது நீக்குதல் வறுமையுள் வறுமையாகக் கூறப்படுகிறது. 89-ஆம் குறள் செல்வம் இருந்தும் விருந்தோம்பாத மடமையைச் செல்வத்துள் வறுமை என்று கூறி, அம்மடமை மடவாரிடம் உள்ளது என்கிறது. இரண்டையும் இணைத்து நோக்கும்போது, மடவர் ஒருபுறம் பொறுத்துக்கொள்ளப்பட வேண்டியவராகவும், மறுபுறம் தம் கடமையில் தவறியவராகவும் தோன்றுகின்றனர். ஈரிடத்தும் மடமை பிறரோடு கொள்ளும் உறவில் வைத்தே பேசப்படுகிறது.

பிற்கால வழக்கில் மடவார் என்பது பெண்டிரைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் வழங்கியதால், இக்குறள்களைப் பெயர்ப்போர் தடுமாற இடமுண்டு. 153-ஆம் குறளில் மடவார் பெண்டிர் அல்லர். அறியாமையால் பிழை செய்வோர். 1089-ஆம் குறளிலோ மடநோக்கு என்பது மானின் பார்வையை ஒத்த பெண்ணின் பார்வை. ஒரே நூலில் ஒரே அடி இருவேறு மதிப்பில் நிற்பதற்கு இவை சான்று.

திருக்குறளின் 84-ஆம் அதிகாரமாகிய பேதைமை இங்கு ஒப்பிடத்தக்கது. பேதை வேறு சொல்லாயினும் கருத்தால் நெருங்கியது. தீயதைக் கொண்டு நல்லதைக் கைவிடுதல் பேதைமை என்று அவ்வதிகாரம் தொடங்குகிறது. நாணத் தகுவதற்கு நாணாமை, நாட வேண்டியதை நாடாமை, அன்பின்மை, பேண வேண்டியதைப் பேணாமை ஆகியன பேதையின் தொழில்களாக 833-ஆம் குறளில் எண்ணப்படுகின்றன. நூல்களை ஓதி, அவற்றின் பொருளை உணர்ந்து, பிறர்க்கும் எடுத்துரைத்துவிட்டுத் தான் அவற்றின்படி அடங்கி நடவாதவனைக் காட்டிலும் பெரிய பேதை இல்லை என்று 834-ஆம் குறள் கூறுகிறது. இங்குப் பேதை கற்றவன், கற்பிப்பவனும்கூட. கூர்மையான அறிவுடையவனும் பேதையாகலாம் என்னும் இக்கருத்து, அறிவை அளவுகோலிட்டு அளக்கும் பிற்காலக் கருத்தினின்றும் முற்றிலும் வேறானது. அதே நூலின் காமத்துப்பாலில், 1238-ஆம் குறளில் பேதை என்பது தலைவியையும், 1248-ஆம் குறளில் தன் சொற்கேளாத நெஞ்சையும் பரிவோடு குறிக்கிறது.

5. பெண்மைக்கு வகுத்த பண்பு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் களவியல் அச்சம், நாண், மடன் ஆகிய மூன்றையும் பெண்பாலுக்குரியனவாகக் கூறுகிறது. மடன் என்பதற்கு உரையாசிரியர்கள் கண்ட விளக்கம், பிறர் அறிவிக்க அறிந்து, அறிந்ததை நெகிழவிடாதிருத்தல் என்னும் கருத்துடையது. அறிவின்மை என்பதைக் காட்டிலும், கற்பிப்பாரைச் சார்ந்து நிற்கும் அறிவு என்பதே இவ்விளக்கத்தின் உட்கிடை.

பெண்பாற் பருவங்கள் ஏழனுள் முதலாவது பேதை, நான்காவது மடந்தை. உலா இலக்கியங்கள் இவ்வரிசையில் பருவ மகளிரைப் பாடுகின்றன. பேதைப் பருவத்திற்கு 5 முதல் 7 வரையிலான வயது பரவலாகக் கொள்ளப்படுகிறது. மடந்தைக்கு 14 முதல் 19 வரை. உலகியல் அறியாச் சிறுமியைக் குறிக்கும்போது பேதை என்பதில் பழிப்பில்லை. ஆனால் சிறுமிக்கு இயல்பான அறியாமை, வளர்ந்த பெண்ணுக்கும் அணியாகக் கொள்ளப்பட்டபோது சொல்லின் நிலை மாறியது. பேதைமையை மகளிர்க்கு அணிகலமாகக் கூறும் கொன்றைவேந்தன் இதற்குச் சான்று. ஆடவனிடம் குறையாகக் கருதப்பட்டது பெண்ணிடம் அழகாகக் கருதப்பட்டது. ஒரே சொல் பால் வேறுபாட்டால் வசையும் வாழ்த்துமாகப் பிரிந்த வரலாறு இது.

இருபதாம் நூற்றாண்டில் பாரதியார் இவ்வமைப்பைத் தலைகீழாக்கினார். 'விடுதலை' என்னும் பாட்டில் அவர் எரிக்கப்பட வேண்டியதாகக் கூறும் மடமை, பெண்களை இழிவுபடுத்துவோரின் மடமை. பெண்ணின் பண்பாக வகுக்கப்பட்டிருந்த சொல், பெண்ணை அவ்வாறு வகுத்தவர்களையே சென்று சேர்ந்தது. அதன் பின்னர் எழுந்த சீர்திருத்த உரைநடையில் மடமை என்பது மூடப்பழக்கத்தையும் சமூகத் தீமையையும் குறிக்கும் சொல்லாக வலுப்பெற்றது. சமூகக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்ப்பவர் மடமை என்பதைத் தனிமனிதனின் அறிவுக்குறையாகக் கொண்டால் ஆசிரியர் கருத்து திரியும்.

6. பண்பிலிருந்து பெயருக்கு

மடையன் என்னும் வடிவம் மேற்கண்டவற்றினின்று இலக்கணத்தால் வேறுபடுகிறது. மடவர் என்பது செயலையோ நிலையையோ ஒட்டி வருவது. அந்நிலை மாறினால் பெயரும் நீங்கும். மடையன் என்பதோ ஆளையே சுட்டி நிற்கும் பெயர். விளியேற்பதில் இதன் வேறுபாடு தெளிவாகப் புலனாகிறது. 'மடையா' என்பது தமிழ் நிலம் முழுவதும் கேட்கப்படும் விளி. மடவர் அவ்வாறு விளிக்கப்பட்டு வழங்கவில்லை. பண்பு பெயராகி, பெயர் விளியானபோது, ஒரு நேரத்துப் பிழை ஒருவனுடைய நிலையான அடையாளமாயிற்று.

இப்பெயராக்கம் 18-ஆம் நூற்றாண்டின் உரைநடையில் நன்கு வேரூன்றியிருந்ததற்குப் பரமார்த்த குருவின் கதை சான்று. இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்து, 1732-இல் சதுரகராதியைத் தொகுத்த வீரமாமுனிவர், குருவின் சீடர் ஐவர்க்கும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயரிட்டார். இப்பட்டியல் சிறிய அகராதிப் பதிவு போன்றது. மட்டியும் மடையனும் மட அடியைச் சார்ந்தவை. பேதை பழந்தமிழில் பயின்று வந்த சொல். மூடன் மயங்குதலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. மிலேச்சன் அயல்மொழி பேசுவோனைக் குறித்த வடசொல். தன் மொழி அறியாதவனை அறிவற்றவனாகக் கொள்ளும் மனப்போக்கை அச்சொல் காட்டிக்கொடுக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர் அச்சொல்லையும் இவ்வரிசையில் வைத்தது கருதத்தக்கது.

கதையிலோ ஐவர்க்கும் பெயருக்கேற்ற தனிக்குணம் வகுக்கப்படவில்லை. ஆற்றைக் கடந்தபின் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டுப் பிறரை எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று அழுகின்றனர். ஐந்து சொற்களும் இங்கு ஒரே நகைச்சுவைக்குப் பயன்படுகின்றன. ஒருபொருட் பன்மொழி என்னும் அகராதிக் கருத்துக்கு இக்கதை மக்கள் நடுவே பெற்ற பரவலும் துணைசெய்திருத்தல் கூடும்.

7. ஆங்கிலத்திற்குச் சென்ற ஐவர்

பெஞ்சமின் பாபிங்டன் இக்கதையைத் தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல் ஆகியவற்றோடு 1822-இல் லண்டனில் வெளியிட்டார். தமிழ் கற்போர்க்கு உதவுவது அப்பதிப்பின் நோக்கம். 1861-இல் லண்டனில் ஆல்பிரட் குரோக்குவில் என்பவரின் ஓவியங்களோடு வேறொரு பதிப்பு வந்தது. அதன் தலைப்பிலேயே சீடர் ஐவரும் நூடில், டூடில், வைஸேக்கர், ஜேனி, பூசில் என்னும் பெயர்களோடு தோன்றுகின்றனர்.

நகைச்சுவை நூல் என்ற அளவில் 1861-ஆம் ஆண்டுப் பெயர்கள் பொருந்துவன. அவை ஒலியால் சிரிப்பூட்டுகின்றன. ஆயினும் மொழிபெயர்ப்பியல் நோக்கில் இழப்பு பெரிது. மட்டிக்கும் மடையனுக்கும் இடையிலுள்ள பிறப்பொற்றுமை மறைந்தது. பேதையின் சிறுமிப் பருவமும் பரிவுப்பொருளும் மறைந்தன. மிலேச்சனின் அயன்மை மறைந்தது. அறிவாளியாகத் தன்னைக் கருதிக்கொள்பவனைக் குறிக்கும் வைஸேக்கர் என்னும் சொல், தமிழ்ப் பட்டியலில் இல்லாத ஒரு பொருளைக் கொண்டுவந்து சேர்த்தது. அப்பொருளைத் தமிழில் தேடுவோர் செல்ல வேண்டிய இடம் பரமார்த்த குருவின் கதை அன்று. திருக்குறளின் 85-ஆம் அதிகாரமாகிய புல்லறிவாண்மை.

மட என்னும் அடி அடைந்த மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் இன்று அறிவின்மையைக் குறிக்கும் சில்லி என்னும் சொல் தொடக்கத்தில் நற்பேறு உடையவனைக் குறித்தது. பின்னர் கள்ளமற்றவனையும், அதன்பின் இரங்கத்தக்கவனையும், இறுதியில் அறிவற்றவனையும் குறித்தது. இடியட் என்பதன் கிரேக்க மூலம் பொதுப்பணியில் ஈடுபடாத தனியாளைக் குறித்தது. பிரெஞ்சிலிருந்து வந்த கிரெட்டின் என்னும் சொல்லின் வரலாறு மடவர் என்பதற்கு மிக நெருக்கமானது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உடல் வளர்ச்சியும் அறிவு வளர்ச்சியும் குன்றியோரைக் கிறித்தவர் என்று பொருள்படும் சொல்லால் வழங்கினர். இவரும் நம்மைப்போன்ற மனிதரே என்பது அதன் உட்பொருள் எனப் பெரும்பாலோர் கொள்வர். பரிவுக்கென ஏற்பட்ட சொல் மருத்துவச் சொல்லாகி, பின்னர் வசையாக முடிந்தது.

8. பேச்சு வழக்கும் திணையும்

இன்றைய பேச்சுத் தமிழில் மக்கு, மண்டு, தத்தி, அசடு ஆகியன மடையனோடு போட்டியிடுகின்றன. இவற்றிடையே இலக்கண வேறுபாடு ஒன்று உண்டு. மடையன், மூடன், மந்தன் ஆகியன ஆண்பால் விகுதி பெற்ற உயர்திணைப் பெயர்கள். மக்கு முதலியன பால் விகுதி ஏலாதவை. அஃறிணைப் பெயர்போல நின்று இருபாலாரையும் சுட்டுவன. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வருதலை நன்னூல் அமைத்துக்கொள்கிறது. பேச்சுச் சொற்கள் அவ்விதியின் இரு முனைகளிலும் நிற்கின்றன. தாய் தன் மகளை அசடு என்பது மகிழ்ச்சியால் வந்த திணை மாற்றம். ஆசிரியர் மாணவனை மக்கு என்பது இழிவால் வந்த திணை மாற்றம்.

பின்னதன் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. மடையா என்று ஒருவர் சினந்து கூறும்போது அங்கு ஒரு செயல் கண்டிக்கப்படுகிறது. சினம் தணிந்தால் சொல்லும் தணியும். வகுப்பறையில் ஒரு மாணவனுக்கு மக்கு என்னும் பெயர் நிலைத்துவிட்டால், அவனுக்கு மீண்டும் ஒருமுறை விளக்கும் பொறுப்பிலிருந்து ஆசிரியர் விடுபடுகிறார். புறநானூற்றில் மடவர் வந்தால் பாரிக்குக் கடமை பிறக்கிறது. இங்கோ சொல் பிறந்தவுடன் கடமை முடிகிறது. பொருள் வரலாற்றில் இச்சொற்குடும்பம் இழந்தது எது என்னும் வினாவுக்கு விடை இதுவே. இழப்பு அறியாமை என்னும் கருத்தில் நிகழவில்லை. அக்கருத்தோடு இணைந்திருந்த உறவில் நிகழ்ந்தது.

9. சட்டமும் தகுதி வழக்கும்

அறிவு மந்தத்தைக் குறிக்கும் சொல் ஓர் ஆளின் சொத்துரிமையையும் இருப்பிடத்தையும் முடிவு செய்யும் இடம் சட்டம். இந்தியாவில் 1912-ஆம் ஆண்டின் பைத்தியர் சட்டம், இடியட் எனப்பட்டவரையும் சித்தம் பிறழ்ந்தவரையும் ஒரே வரையறையில் அடக்கியது. 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயையும் அறிவு வளர்ச்சிக் குறைவையும் வேறுபடுத்தியது. 1995-ஆம் ஆண்டின் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைவை ஊனங்களுள் ஒன்றாகச் சேர்த்து, அதனையுடையோர்க்குச் சலுகைகளை வகுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பழைய கலைச்சொல்லை நீக்கி, அறிவுசார் குறைபாடு எனத் தமிழில் வழங்கும் சொல்லுக்கு நேரான ஆங்கிலத் தொடரை ஏற்றது. அமெரிக்காவில் இத்தகைய மாற்றம் 2010-இல் கூட்டாட்சிச் சட்டத்தின் வழியாக நிகழ்ந்தது.

தமிழிலும் மூளை வளர்ச்சி குன்றியோர், மனவளர்ச்சி குன்றியோர், அறிவுசார் குறைபாடு உடையோர் எனத் தொடர்கள் மாறி வந்துள்ளன. தமிழ்நாட்டு அரசு 2010-இல் ஊனமுற்றோர் என்னும் சொல்லுக்கு மாற்றாக மாற்றுத்திறனாளிகள் என்னும் சொல்லை ஏற்றது. நன்னூல் கூறும் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் இடக்கரடக்கலும் மங்கலமும் உண்டு. இம்மாற்றங்களை அவற்றின் தொடர்ச்சியாகக் கருதுவோர் உளர். அக்கருத்து ஓரளவே பொருந்தும். சொல்லை மட்டும் மாற்றினால் புதுச்சொல்லும் விரைவில் பழிப்பேற்கும். ஆங்கிலத்தில் ஹென்றி காடார்டு 1910-இல் அறிவியல் வகைப்பாட்டிற்கெனக் கிரேக்க மூலத்திலிருந்து அமைத்த மோரான் என்னும் சொல் விரைவில் தெரு வசையானது இதற்குச் சான்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வேறுபடுவது சொல்லால் மட்டுமன்று. அச்சொல்லால் குறிக்கப்படுவோர்க்கு அரசும் பிறரும் ஆற்ற வேண்டியதை உரிமையாக எழுதியமையால். பெயரோடு கடமையையும் இணைக்கும் பழைய அமைப்பு இங்கு வேறு வடிவில் மீள்கிறது.

ஆகவே சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்போர், 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டும் பழைய தீர்ப்பொன்றில் இன்றைய சொல்லை இட்டு வரலாற்றை மறைத்தலும் கூடாது. இன்றைய ஆவணத்தில் பழைய வசையை இட்டு உரிமையை மறைத்தலும் கூடாது.

10. முடிபுகள்

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

மட என்னும் அடியின் தொன்மையான பொருள் ஆராயாமை, நம்பும் இயல்பு, பிறரால் அறிவிக்கப்பட வேண்டிய நிலை என்பனவற்றைத் தழுவியது. பிறவியிலமைந்த அறிவுக்குறை அதன் நடுப்பொருள் அன்று. அது சார்ந்து வரும் சொல்லும் குறிக்கப்படுவோர் பாலும் அதன் மதிப்பைத் தீர்மானித்தன.

அடையாகவும் குறிப்பு முற்றாகவும் வழங்கிய அடி, ஆளைச் சுட்டும் பெயராகவும் விளியாகவும் மாறியபோது பழிப்புப்பொருள் நிலைபெற்றது. எனவே பொருள் இழிபை ஆராய்வோர் சொற்பொருளை மட்டுமன்றி இலக்கண வடிவத்தையும் நோக்குதல் வேண்டும்.

அகராதி தொகுப்போர் இச்சொற்களை ஒன்றற்கொன்று பொருளாகத் தருவதைத் தவிர்த்து, காலம், பால், விளியாக வழங்குதல், பரிவு அல்லது இழிவு, கூறுவோர்க்கும் கூறப்படுவோர்க்கும் உள்ள உறவு ஆகியவற்றைக் குறித்தல் நலம். மடவார் என்பதன்கீழ்ப் பெண்டிர் என்னும் பொருளையும் அறியாதார் என்னும் பொருளையும் நூலிடம் காட்டிப் பிரித்தல் இன்றியமையாதது.

மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டிய வினா, இச்சொல்லுக்கு நேரான சொல் எது என்பதோடு முடிவதில்லை. இச்சொல்லைக் கூறியபின் கூறியவர் என்ன செய்கிறார் என்பதையும் அவர் கேட்டாக வேண்டும். தோழி தலைவியை ஆற்றுகிறாள், பாரி கொடுக்கிறான், குறள் பொறுக்கச் சொல்கிறது, வகுப்பறை விலகிக்கொள்கிறது. நால்வேறு செயல்களுக்கும் ஒரே சொல்லை இடும் மொழிபெயர்ப்பு, அகராதிப்படி சரியாக இருந்தும் மூலத்திற்குப் பிழையாகிவிடும்.